புதிய பள்ளிக் கட்டடம்: ஊர்க்காரர்கள் சொன்னால் கேட்பார்களா?

"எங்கள் பகுதி அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் புதுக் கட்டடம் வரப்போகிறது. பெற்றோரும் அக்கம்பக்கத்தினரும் அதில் யோசனை சொல்ல முடியுமா? எந்தக் கட்டத்தில் சொல்ல வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு அஸ்திவாரம் தோண்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும். தோண்டிய பிறகு நீங்கள் சொல்வது எல்லாம் புகார் ஆகிவிடும்.

நான் டெல்டா பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர். மகள் மூன்றாம் வகுப்பு. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள் இல்லையா, அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பழைய பள்ளிக் கட்டடங்களைப் பார்த்துப் பார்த்து இடித்தார்கள். எங்கள் ஓட்டுக் கட்டடமும் போயிற்று. பிள்ளைகள் ஒன்றரை வருடம் சமுதாயக் கூடத்தில் படித்தார்கள். யார் வீட்டிலாவது காதுகுத்து என்றால் அன்றைக்கு லீவு.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது அந்தக் குழுவின் வேலை என்று 22ஆம் பிரிவு சொல்கிறது. ஆசிரியர் ஒருவருக்கு ஒரு வகுப்பறையாவது வேண்டும், ஆண் பெண் இருபாலருக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், தடையில்லாமல் உள்ளே வர வழி, சுற்றுச்சுவர், விளையாட இடம் என்று சட்டத்தோடு ஓர் அட்டவணையே இருக்கிறது. கூட்டத்துக்குப் போகும்போது அந்த ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள். நான் அதை நீட்டிய பிறகுதான் பேச்சின் தொனியே மாறியது.

நடைமுறை வேறு. வரைபடம் மேலிருந்து வரும், எல்லாப் பள்ளிக்கும் ஒரே மாதிரி. டைப் டிசைன் என்பார்கள். எத்தனை வகுப்பறை, எத்தனை சதுர அடி, எத்தனை லட்சம் என்பதில் ஊர்ப் பேச்சு எடுபடாது. கிராமப்புற ஒன்றியப் பள்ளி என்றால் பெரும்பாலும் ஊரக வளர்ச்சித் துறைப் பொறியாளர்கள்தான் கட்டுவார்கள், நகரம் என்றால் நகராட்சி அல்லது மாநகராட்சிப் பொறியாளர். முதலில் யார் கட்டுகிறார்கள் என்று தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நம் கைக்கு எஞ்சுவது கட்டடம் எங்கே உட்காரும், எந்தத் திசை பார்க்கும், கழிப்பறை எங்கே, குழாய் என்ன உயரம், எந்த மரம் தப்பும் என்பதெல்லாம்தான். சின்ன விஷயம் மாதிரித் தெரியும். பிள்ளைகள் தினம் தினம் படுவது இதில்தான்.

எங்கள் ஊருக்குப் பொறியாளர் வந்தது சித்திரை மாதம். தரை பலகை மாதிரிக் காய்ந்து கிடந்தது. அவர் கிழக்கு மூலையைக் காட்டி, இங்கே போட்டுவிடலாம் என்றார். எல்லாரும் தலையாட்டினோம். பின்னால் நின்றிருந்த சத்துணவு சமையலர் அக்கா மட்டும், "சார், ஐப்பசியில அங்க முட்டிக்கால் தண்ணி நிக்கும். அரிசி மூட்டையத் தலையில வச்சுக்கிட்டுதான் நான் போவேன்" என்றார். பொறியாளர் சிரித்துவிட்டு, பேஸ்மட்டத்தை, அதாவது கட்டடத்தின் தரை மட்டத்தை, உயர்த்தினால் எஸ்டிமேட் மாறும் என்றார். சரி, தள்ளிப் போடலாமே என்றோம். இருபது அடி மேற்கே தள்ளினார்கள். அரசுக்கு ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை. எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்: செலவு வைக்கும் எதையும் எஸ்டிமேட் போடும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். செலவில்லாததைக் கோடு போடும் நாள்வரை கேட்கலாம்.

சமையலர் அக்கா அன்று அங்கே நின்றதே தற்செயல். முதல் கூட்டத்தைக் காலை 11 மணிக்கு வைத்திருந்தார்கள். அம்மாக்களில் பாதிப் பேர் நூறு நாள் வேலையில் இருந்தார்கள், காலனிப் பக்கமிருந்து ஒருவரும் வரவில்லை. பள்ளியில் படிப்பவர்களில் பாதி அந்தப் பக்கத்துப் பிள்ளைகள். வந்தவர்களோ கலையரங்கம் கட்டி யார் பெயரைப் போடுவது என்று ஒன்றரை மணிநேரம் சண்டை போட்டார்கள். இரண்டாவது கூட்டத்தை மாலை 5 மணிக்கு மாற்றினோம். கழிப்பறை வாசல் சாலையைப் பார்க்கக் கூடாது, தண்ணீர்த் தொட்டி அதற்கு மேலேயே இருக்க வேண்டும் என்று இரண்டு அம்மாக்கள் சொன்னது அந்தக் கூட்டத்தில்தான்.

எல்லாம் நடந்துவிடவில்லை. கட்டடம் சாலையைப் பார்த்து மேற்கு நோக்கி நிற்கிறது. மூன்று மணிக்கு மேல் வெயில் நேரே கரும்பலகையில் அடிக்கிறது. ஜன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும் வருகிற மாதிரித் திருப்புங்கள் என்று கேட்டோம். சாலையிலிருந்து பார்த்தால் முகப்பு தெரிய வேண்டுமாம். எங்கள் கோரிக்கையை வாயால் மட்டும் சொன்னோம், தீர்மானப் புத்தகத்தில் எழுதவில்லை. என் தப்பும்தான். இப்போது எதுவானாலும் எழுதிக் கையெழுத்து வாங்கி, கிராம சபையிலும் ஒரு தீர்மானம் போட்டு, நகலைக் கையில் வைத்துக்கொள்கிறேன்.

குழாய் விஷயத்தில் ஜெயித்தோம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேரைச் சமுதாயக் கூடச் சுவரோரம் நிறுத்தி, கை எட்டுகிற இடத்தில் கரியால் கோடு போட்டு, போட்டோ எடுத்துக் கொடுத்தோம். இரண்டு உயரத்தில் குழாய் வைத்தார்கள்.

சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளத்தில் கோட்டை விட்டோம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. எங்கள் பேஸ்மட்டம் இரண்டு அடி, அப்படியென்றால் இருபத்து நான்கு அடி வேண்டும். ஒப்பந்ததாரர் பத்தடியில் முடித்துவிட்டார். கோடு போட்டாயிற்று என்று நாங்களும் அந்தப் பக்கம் போகாமல் இருந்துவிட்டோம். சக்கர நாற்காலியில் வரும் ஒரு பையனை அவன் பாட்டி தினமும் பின்பக்கமாகத் திருப்பி இழுத்துத்தான் ஏற்றுகிறார். அதை இடித்து நீளமாகப் போடச் சொல்லித் தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கையெழுத்து வாங்க வேண்டும்.