வாய்க்கால் மராமத்து: காசு எங்கே இருக்கிறது, யார் கேட்பது?

ஈரோடு பக்கத்தில் காலிங்கராயன், தடப்பள்ளி, கீழ்பவானி வாய்க்கால்களில் பாசனம் செய்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பாசனப் பிரிவில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கொடுமுடி: வருசா வருசம் தண்ணீர்த் தீர்வை கட்டுகிறோம். அந்தக் காசிலேயே தூர் வார முடியாதுங்களா?

முடியாதுங்க. நீங்கள் கட்டுவது நிலவரியோடு சேர்ந்து கருவூலத்துக்குப் போய்விடுகிறது. உங்கள் வாய்க்கால் பேரில் தனிக்கணக்கு கிடையாது. மராமத்துக்கு நீர்வளத் துறைக்கு பட்ஜெட்டில் ஒதுக்குவது வேறு பணம். தவிர, ஏக்கருக்கு நீங்கள் கட்டும் தீர்வையில் பொக்லைன் ஒரு மணி நேரம்கூட ஓடாது.

பெருந்துறை: கான்கிரீட் போடக் கோடிக்கணக்கில் வருது. புல்லு வெட்ட நாலு லட்சம் கேட்டா நிதி இல்லைங்கறாங்க. ஏனுங்க?

ரெண்டும் வேற வேற பை. புதுசாகக் கட்டுவதற்குக் கடன் கிடைக்கும். உலக வங்கிக் கடனில் நீர்வள நிலவளத் திட்டம் அப்படித்தான் நடந்தது. வருடாந்திரப் பராமரிப்புக்குக் கடன் கொடுக்க ஆளில்லை. அது அரசின் சொந்த வருவாயிலிருந்து வரவேண்டும், வெட்டு விழும்போது முதலில் விழுவதும் அதன்மேல்தான். ஆகவே பத்து வருசம் கவனிக்காமல் விட்டு, கரை உடைந்த பிறகு 'சீரமைப்பு' என்று பெரிய மதிப்பீடு போடுவதே வழக்கமாகிவிட்டது.

கீழ்பவானியை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 200 கிலோமீட்டர் வாய்க்கால், அதில் பாசனம் பெறும் ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர். 2020-இல் ரூ.709.60 கோடிக்குச் சீரமைப்பு அரசாணை வந்தது. கடைமடைக்காரர்கள், அதாவது வாய்க்கால் முடிகிற கோடியில் நிலம் உள்ளவர்கள், கான்கிரீட் வேண்டும் என்றார்கள். கசிவுநீரில் கிணறு ஊறுகிறவர்கள் கூடவே கூடாது என்றார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. மண் கரையில் கசிவது அத்தனையும் வீண் அல்ல, வாய்க்காலுக்குக் கீழே உள்ள கிணறுகளுக்கும் குட்டைகளுக்கும் அதுதான் தாய்ப்பால். உயரக் கரையும் மதகுகளும் பலவீனமான இடங்களில் மட்டும் கட்டட வேலை செய்து, மற்ற இடத்தில் மண் கரையைப் பலப்படுத்தினால் போதும் என்பது என் கருத்து. ஆனால் அப்படிச் செய்தால் வருசா வருசம் கரையைப் பார்க்க ஆள் வேண்டும். லஸ்கர் (கரையையும் மதகையும் பார்த்துக்கொள்ளும் ஊழியர்) பணியிடங்களைக் காலியாக வைத்துக்கொண்டு மண் கரையைக் காப்பாற்ற முடியாது.

நம்பியூர்: தண்ணி விட்ட பொறகுதான் புதரு வெட்ட வர்றாங்க!

நாள்காட்டி செய்கிற கோளாறு. கீழ்பவானியில் ஏப்ரல் கடைசியில் புஞ்சைத் தண்ணீர் நிற்கும், ஆகஸ்ட் 15 வாக்கில் நஞ்சைக்குத் திறப்பார்கள். வேலைக்குக் கிடைப்பது நடுவில் மூன்று மாதம். நிதியாண்டோ ஏப்ரலில்தான் பிறக்கிறது. மதிப்பீடு, ஒப்புதல், டெண்டர் என்று நகர்ந்து முடிவதற்குள் ஆடி வந்துவிடும். பிப்ரவரியிலேயே மதிப்பீடு அனுப்ப வைத்தால் தப்பிக்கலாம். மனுவைத் தை மாதமே கொடுங்கள்.

கோபி: 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி எங்க பாசனச் சங்கத்துக்குத் தேர்தல் நடந்தது. அப்புறம் ஒண்ணும் நடக்கலை. என்ன அதிகாரம் இருக்குதுங்க?

பாசன அமைப்புகளை விவசாயிகளே மேலாண்மை செய்யும் அந்தச் சட்டப்படி, தண்ணீர்ப் பங்கீட்டிலும் பராமரிப்பிலும் சங்கத்துக்கு இடம் உண்டு. இல்லாதது பணமும் ஆளும். அதற்காகச் சும்மா இருக்க வேண்டாம். வாய்க்கால் அடைத்ததும் உதவிப் பொறியாளரை அழைத்துக்கொண்டு தலைமதகிலிருந்து கடைமடை வரை நடங்கள். எந்த மதகில் ஷட்டர் இல்லை, எங்கே கரை அரித்திருக்கிறது என்று படத்தோடு பதிவேட்டில் எழுதி, அவர் கையெழுத்தையும் வாங்குங்கள். பிற்பாடு அந்தப் பதிவேடுதான் பேசும்.

பாசனக்காரர்களே சேர்ந்து மராமத்து செய்யும் குடிமராமத்து 2017-இல் திரும்ப வந்தபோது சங்கத்தின் பங்கு 10 சதவீதம். பணமாகவோ உழைப்பாகவோ பொருளாகவோ தரலாம் என்றார்கள். கணக்குச் சுத்தமாக இருந்த சங்கம் பயன்படுத்திக்கொண்டது; மற்ற இடங்களில் சங்கத்தின் பேரில் ஒப்பந்ததாரர் வேலை செய்தார். பொருளாளர் பதவியை எப்போதும் கடைமடைக்காரருக்கே கொடுங்கள். மேல்மடைக்காரருக்கு வாய்க்கால் புதர் மண்டினாலும் தண்ணீர் வந்துவிடும், அவருக்கு என்ன அவசரம்?

அதே கோபி: ஏக்கருக்கு இவ்வளவுன்னு நாங்களே வசூல் பண்ணலாமுங்களா?

மனமொத்துச் செய்யலாம். குத்தகை நிலமானால் வெள்ளாமை பண்ணுகிறவர் தரட்டும்.

ஈரோடு: காலிங்கராயனில் சாயக்கழிவும் தோல்கழிவும் வருது. அதை அள்ளற செலவு யாருது?

1283-இல் முடிந்ததாகச் சொல்லப்படும் வாய்க்கால், இன்றைக்கும் 15,743 ஏக்கருக்குப் பாய்கிறது. கழிவைப் பிரித்து விடப் பக்கத்திலேயே பேபி வாய்க்கால் கட்டியும் கலப்பது முழுசாக நிற்கவில்லை. பாசனப் பராமரிப்புப் பணத்தில் சாயச் சேற்றை அள்ளுவது சரியல்ல. நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை வழக்கில், சுத்தம் செய்யும் செலவும் விவசாயிகளுக்கு இழப்பீடும் சாயத் தொழில் செய்தவர்கள் தலையில்தான் விழுந்தன. அதே வழியில் கேளுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாநகராட்சிக்கும் தனித்தனி மனு. அங்கே அள்ளிய மண்ணைப் பரிசோதிக்காமல் வயலுக்கு அடிக்காதீர்கள்.

பவானி: கரையில் வேலிகாத்தான் மண்டிக் கிடக்குது. நாங்களே வெட்டிக்கலாமா?

கரை அரசு நிலம்ங்க. பிரிவு அலுவலகத்தில் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கி, வேரோடு பிடுங்குங்கள். பிடுங்கிய குழியை மண் போட்டுக் கெட்டித்துவிடுங்கள். இல்லாவிட்டால் கரை அங்கேதான் உடையும்.