அத்தை மகன் சொல்லும் நெட்வொர்க் பிசினஸில் நகையை வைத்துப் பணம் கட்டலாமா?

குடியாத்தத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஷூ கம்பெனியில் வேலை. அத்தை மகன் வந்து, 15,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கி ஐடி (உறுப்பினர் எண்) போட்டுக்கொள், உனக்குக் கீழே லெஃப்டில் ஒருவர், ரைட்டில் ஒருவர் சேர்த்தால் போதும், ஆறு மாதத்தில் மாதம் 40,000 வரும் என்கிறாராம். மனைவியின் வளையலை அடகு வைத்துக் கட்டலாமா என்பது கேள்வி.

வேண்டாங்க. வளையல் வீட்டிலேயே இருக்கட்டும்.

வேலூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வருமான வரி ரிட்டர்ன் போடுகிற வேலை எனக்கு. இந்த பிசினஸ் செய்கிறவர்களின் பேச்சைக் கேட்டதை விட அவர்களின் பேப்பரைப் பார்த்ததுதான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் கோட் போட்டுக்கொண்டு மாதம் மூன்று லட்சம் என்று மைக்கில் பேசுகிறவரும், ஜூலை மாதம், முன்கூட்டியே பிடித்த வரியான டிடிஎஸ் ரீஃபண்ட் வருமா என்று எங்கள் பெஞ்சில் வந்து உட்காருகிறவரும் சில நேரம் ஒரே ஆள்தான். மண்டபத்தில் சொன்ன தொகையை இங்கே சொல்ல மாட்டார்.

அதனால் அத்தை மகனிடம் பிளான் கேட்க வேண்டாம். அவருடைய 26ஏஎஸ் கேளுங்கள். அவருக்கு யார் எவ்வளவு கொடுத்து, எவ்வளவு வரி பிடித்தார்கள் என்று காட்டும் வரித் துறைப் பட்டியல் அது. வருமான வரித் தளத்தில் லாகின் செய்தால் இரண்டு நிமிடத்தில் டவுன்லோட் ஆகிவிடும். கமிஷன் கொடுக்கிற கம்பெனி, வருடத்தில் ஒரு வரம்பைத் தாண்டினால் டிடிஎஸ் பிடித்துத்தான் கொடுக்க வேண்டும். 1961ஆம் வருட வருமான வரிச் சட்டத்தில் இது 194எச் பிரிவு. அந்த வரம்பு முன்பு 15,000 ரூபாய், 2025 ஏப்ரலிலிருந்து 20,000. பிடிப்பது 5 சதவீதமாக இருந்தது, 2024 அக்டோபரில் 2 ஆக்கினார்கள். கம்பெனி பெயர், எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தது, எவ்வளவு பிடித்தது எல்லாம் வரிசையாக இருக்கும். ஃபாரின் டூர், கார் பரிசு என்று படம் போடுகிறார்களே, 2022 ஜூலையிலிருந்து அந்த மாதிரி பலன்களுக்கும் அதே சட்டத்தின் 194ஆர் பிரிவில் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும். 20,000 ரூபாயைத் தாண்டிய எந்தப் பரிசும் அதில் தெரிய வேண்டும்.

மாதம் 40,000 வாங்குகிறவருக்கு அதில் வருடத்துக்குச் சுமார் 4,80,000 நிற்கும். எதுவுமே இல்லையென்றால் அவருக்கு வந்தது வரம்பைக் கூடத் தாண்டவில்லை, அல்லது கம்பெனி டிடிஎஸ் பிடிப்பதே இல்லை. இரண்டில் எதுவானாலும் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. வாட்ஸ்அப்பில் வரும் பேங்க் மெசேஜ் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். அதை ஒரு காலேஜ் பையன் செய்து கொடுப்பான்.

26ஏஎஸ் வந்த பணத்தைத்தான் காட்டும், போன பணத்தைக் காட்டாது. ஒரு கிளையண்ட் இருந்தார், ஓய்வு பெற்ற மிலிட்டரிக்காரர். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருக்கிற ஊர்களே உண்டு. ரிட்டயர்மெண்ட் பணம் மொத்தமாக வருவதால் இந்த ஆட்கள் அவர்களைத்தான் முதலில் தேடிப் போவார்கள். அவர் பாஸ்புக்கைக் கொடுத்து, "கமிஷன் நல்லா வந்துருக்குதுப்பா, பாரு" என்றார். வந்திருந்தது உண்மைதான். ஆனால் ஐடி ஆக்டிவாக இருக்க மாதாமாதம் அதே கம்பெனிக்குப் பொருள் வாங்கப் போன பணம் பக்கத்து வரிசையிலேயே இருந்தது. மண்டப வாடகையில் பங்கு, மீட்டிங்குக்கு ஆளைக் கூட்டிப்போன வேன் செலவு, டிபன், ட்ரெயினிங் டிக்கெட். பென்சிலால் கூட்டிக் காட்டினேன். வந்ததை விடப் போனது அதிகம். "அது செலவு இல்லப்பா, இன்வெஸ்ட்மெண்ட்டு" என்றார். வீட்டில் புரோட்டீன் பவுடர் டப்பா அட்டை அட்டையாக அடுக்கியிருப்பதாக அவர் மனைவி சொன்னார்.

இது அவர் ஒருவர் கதை இல்லை. அமெரிக்காவில் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024 செப்டம்பரில் ஒரு அறிக்கை வெளியிட்டது. 70 எம்எல்எம் (இதே மாதிரி நெட்வொர்க் பிசினஸ்) கம்பெனிகள் தாங்களே வெளியிட்ட வருமான விவரங்களைப் படித்துப் பார்த்து எழுதியது. சேர்ந்தவர்களில் பெரும்பாலானோருக்கு வருடத்துக்கு ஆயிரம் டாலர் அல்லது அதற்கும் கீழேதான். அதுவும் பல கம்பெனிகளின் கணக்கில் செலவைக் கழிக்கவே இல்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்குக் கணக்கு ஒன்றே போதும். ஆளுக்கு இரண்டு பேர் என்று அத்தை மகன் சொன்னபடியே, ஒருவர் கூடத் தவறாமல், எல்லோரும் சேர்த்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 1, 2, 4, 8 என்று போய் 22ஆவது வரிசை முடியும்போது மொத்தம் 41,94,303 பேர். 2011 கணக்கெடுப்பில், ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரியாத பழைய வேலூர் மாவட்டத்தின் மொத்த மக்கள் தொகையே 39,36,331. கைக்குழந்தை, சிஎம்சியில் படுத்திருக்கும் நோயாளி வரைக்கும் ஐடி போட்டாலும் ஆள் பத்தாது. அப்புறம் இன்னொன்று: ஒன்று இரண்டாகக் கிளை விடும் இந்த மரத்தை எந்த வரிசையில் நிறுத்தினாலும் சரிபாதிக்கு மேல் ஆட்கள் கடைசி வரிசையில்தான் இருப்பார்கள், கீழே ஒருவரும் இல்லாமல். நன்றாக உழைத்தால் மேலே வரலாம் என்பார்கள். எல்லோரும் நன்றாக உழைத்தாலும் அந்தப் பாதி குறையாது.

"அரசு அனுமதி பெற்ற கம்பெனி" என்று ஃபைல் ஒன்றைத் திறந்து காட்டுவார்கள். உள்ளே ஜிஎஸ்டி சான்றிதழ், கம்பெனிப் பதிவு, பான் கார்டு. ஜிஎஸ்டி நம்பரை நானே கடைகளுக்கு எடுத்துக் கொடுக்கிறேன். வாடகைப் பத்திரம், கரண்ட் பில், ஆதார், பான் இருந்தால் வந்துவிடும். அது வரி கட்டுவதற்கான நம்பர், தொழில் நல்லது என்பதற்கு யாரும் கொடுத்த சர்டிபிகேட் இல்லை. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளைத்தான் பார்க்க வேண்டும். ஆள் சேர்த்ததற்காகக் கமிஷன் தரக் கூடாது, சேருவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது, ஆள் சேர்ப்பதை வைத்தே ஓடும் பிரமிட் திட்டம் நடத்தக் கூடாது என்று அதில் இருக்கிறது. பணச் சுழற்சித் திட்டங்களுக்கு 1978ஆம் வருடச் சட்டத்திலேயே தடை உண்டு. கட்டணம் என்று சொல்லாமல் 15,000 ரூபாய்க்குப் பொருள் என்று சொல்வது எதற்காக என்று இப்போது தெரிகிறதா? அந்தப் பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே மாதிரி சோப்பு, அதே எடை, லாங் பஜாரில் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். கமிஷன் கிடைக்காது என்று தெரிந்தும் அந்த விலைக்கு வாங்க உங்கள் தெருவில் நாலு பேர் இருந்தால் அது வியாபாரம்.

இவ்வளவு இருந்தும் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஆட்கள் போவது குறைவு. ஏன் போக மாட்டார்கள் என்றால், கம்பெனி எங்கேயோ இருக்கிறது, பணம் வாங்கியது மாமா. புகார் எழுதினால் மாமா பேர் வரும். அதைவிட, நீங்கள் சேர்த்துவிட்ட கொழுந்தியாள் உங்கள் பேரை எழுதுவார். அடுத்த மாதம் வீட்டில் மஞ்சள் நீராட்டு இருக்கும், எல்லோர் முகத்தையும் பார்க்க வேண்டும். காட்பாடியில் இயங்கிய ஐஎப்எஸ் என்ற நிதி நிறுவனத்தின் மேல் 2022இல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் போட்டபோது, ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் பொதுமக்கள் பணம் என்றார்கள். அது எம்எல்எம் இல்லை, வட்டி ஆசை காட்டிய டெபாசிட். ஆனால் பணம் சேர்ந்த வழி இதேதான்: ஏஜென்ட் என்று வந்தவர் சொந்தக்காரராகவோ தெருக்காரராகவோ இருந்தார்.

அத்தை மகனைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். "மச்சான், சோப்பு நல்லா இருந்தா கடை விலைக்கு ரெண்டு எடுத்துக்கிறேன், ஐடி மட்டும் வேணாம்" என்று சொல்லிப் பாருங்கள். அவரும் யாரோ ஒரு மாமாவிடம் மாட்டிக்கொண்டவராகத்தான் இருப்பார். பிளான் காட்டுகிறேன் வா என்று மீட்டிங்குக்குக் கூப்பிட்டால் மட்டும் போகாதீர்கள். அங்கே புது ஆளை முன் வரிசையில் உட்கார வைத்துக் கை தட்டுவார்கள். அதற்கப்புறம் மாட்டேன் என்று சொல்வது கஷ்டம்.

இதைப் படிப்பதற்குள் கட்டிவிட்டிருந்தால், டப்பாக்களின் சீலைப் பிரிக்காதீர்கள். ஒப்பந்தத்தில் கூலிங் ஆஃப் காலம் எத்தனை நாள் என்று பாருங்கள். அதற்குள் பொருளைத் திருப்பிக் கொடுத்து அபராதம் இல்லாமல் விலக விதி இடம் தருகிறது. வாயால் சொல்லாமல் கம்பெனிக்கு இமெயிலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். பதில் வரவில்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். பில்லையும் பணம் அனுப்பிய யுபிஐ நம்பரையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள்.