நானோ சேமிக்க மறுக்கிறது – கடிதம்

வணக்கம்,

மாத வாடகைக்கு ஒரு உபுண்டு சர்வர் எடுத்திருக்கிறேன். அதற்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பை, நானோ என்ற எழுத்துத் திருத்தியில் திறந்து அரை மணி நேரம் உட்கார்ந்து திருத்தினேன். சேமிக்கப் போனால் ‘பெர்மிஷன் டினைடு’ என்கிறது. வேறு வழி தெரியாமல் மூடிவிட்டேன், எல்லாம் போயிற்று. திரையின் அடியில் வரும் கூரை போன்ற குறிக்கும் ‘எம்’முக்கும் என்ன பொருள்? விம் என்ற இன்னொரு திருத்தியைக் கற்றுக்கொண்டால் இந்தத் தொல்லையே இருக்காது என்கிறார் நண்பர். உண்மையா?

ர., சேலம்

அன்புள்ள ர.,

விம்மில் திறந்திருந்தாலும் இதே கதிதான். அந்தக் கோப்பு, சர்வரில் முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனருக்குச் சொந்தம். நீங்கள் படிக்கலாம், எழுத முடியாது. திறக்கும்போதே ‘அன்ரைட்டபிள்’ என்று நானோ அடியில் ஒரு வரி காட்டியிருக்கும். தட்டத் தொடங்கியதும் அது மறைந்துவிடுவதால் பலர் கவனிப்பதில்லை. அடுத்த முறை ‘சுடோ நானோ’ என்று தொடங்கித் திறவுங்கள்; சுடோ என்பது கட்டளையை ரூட் அதிகாரத்தோடு ஓட்டும்.

மறந்து திருத்திவிட்டாலும் மூட வேண்டாம். கன்ட்ரோல்+ஓ அழுத்துங்கள், கோப்பின் பெயர் வரும். அதை அழித்து, உங்கள் ஹோம் ஃபோல்டரில் வேறொரு பெயர் கொடுத்து என்டர் தட்டுங்கள். வேறு பெயரில் சேமிக்கவா என்று கேட்கும், ‘ஒய்’ அழுத்துங்கள். பிறகு வெளியே வந்து ‘சுடோ சிபி’ கட்டளையால் அதைப் பழைய கோப்பின் மேலேயே நகலெடுங்கள். பழையதன் உரிமையாளரும் அனுமதிகளும் மாறாது.

கூரைக்குறி என்றால் கன்ட்ரோல், ‘எம்’ என்றால் ஆல்ட். ஆல்ட் வேலை செய்யாத டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் ஜன்னலில்) எஸ்கேப்பைத் தட்டி விட்டுவிட்டு எழுத்தை அழுத்தலாம். கன்ட்ரோல்+டபிள்யூ தேடும், ஆல்ட்+யூ செய்ததைத் திருப்பும். கன்ட்ரோல்+கே ஒரு வரியை வெட்டும். தொடர்ந்து நான்கு முறை அழுத்தினால் நான்கு வரியும் சேர்ந்து கன்ட்ரோல்+யூவில் ஒட்டும். நடுவில் கர்சரை நகர்த்திவிட்டு மறுபடி வெட்டினால் முதலில் வெட்டியவை போய்விடும். இங்கேதான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். இன்னொன்று: கன்ட்ரோல்+வி இங்கே ஒட்டாது, ஒரு பக்கம் கீழே இறங்கும். வெளியிலிருந்து நகலெடுத்ததை ஒட்ட, பெரும்பாலான லினக்ஸ் டெர்மினல்களில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+வி.

சர்வரில் பழைய நானோ இருந்தால் நீண்ட வரிகளைத் தானாக உடைத்துவிடும். கான்ஃபிக் கோப்பில் அது ஆபத்து. 2019இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து அந்தப் பழக்கம் இல்லை. பழையதென்றால் திறக்கும்போதே கழித்தல் குறியும் சிறிய டபிள்யூவும் சேருங்கள்.

எஸ்எஸ்எச் கோப்பில் பிழை இருந்தால் சர்வருக்குள் நுழையவே முடியாமல் போகலாம் என்பதால் ஒரு எச்சரிக்கை. சேமித்ததும் எஸ்எஸ்எச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். முதலில் ‘சுடோ எஸ்எஸ்எச்டி’யோடு கழித்தல் குறியும் சிறிய டியும் சேர்த்து ஓட்டினால், எழுத்துப்பிழை இருக்கும் வரியின் எண்ணைச் சொல்லும். எதுவும் சொல்லாவிட்டால் ரீஸ்டார்ட் செய்யலாம். அப்போதும் இருக்கும் இணைப்பை மூடாமல், இன்னொரு ஜன்னலில் உள்ளே நுழைய முடிகிறதா என்று பார்த்த பிறகே மூடுங்கள்.

விம் பிறகு கற்றுக்கொள்ளலாம். நான்கு வரி கான்ஃபிக் மாற்ற அது தேவையில்லை.