செல்லிக்கு என்ன பாட்டு வைக்கலாம்?

கேள்வி: எங்கள் ஏழு வயது நாய் செல்லிக்குக் கர்ப்பப்பையில் சீழ் கட்டி, மூன்று நாட்களுக்கு முன் அறுவை சிகிச்சை நடந்தது. இரவில் தூங்காமல் முனகுகிறாள்; கூடம் முழுக்க நடக்கிறாள். இசை கேட்கவைத்தால் காயம் சீக்கிரம் ஆறும் என்கிறான் என் தம்பி. உண்மையா? எந்தப் பாட்டு வைக்கலாம்?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

பாட்டு இருக்கட்டும். முதலில் அந்த முனகலை, அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். மூன்றாம் நாளும் ஓரிடத்தில் படுக்க முடியாமல் நடக்கிறாள் என்றால் பெரும்பாலும் வலிதான். மருந்தின் அளவையோ நேரத்தையோ அவர் மாற்ற வேண்டியிருக்கலாம். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், இபுபுரூஃபன் மாத்திரைகளைக் கொடுத்துவிடாதீர்கள். நாய்களுக்கு அவை நஞ்சாகிவிடும். ஈறு வெளுத்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, தையலில் நீர் கசிந்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

தம்பி சொன்னதில் பாதி சரி. இசை காயத்தை ஆற்றாது, பதற்றத்தைத் தணிக்கும். பதறும் நாய் துள்ளும், தையலை இழுத்துக்கொள்ளும் என்பதால் அதுவும் பெரிய உதவிதான். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், மேற்கத்தியச் செவ்வியல் இசை கேட்ட காப்பகத்து நாய்கள் அதிக நேரம் அமைதியாகப் படுத்திருந்தன. காதைப் பிளக்கும் ஹெவி மெட்டல் ராக் இசை கேட்டவை அதிகம் குரைத்தன. பிற்பாடு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் இன்னொன்றைக் கவனித்தார்கள்: ஒரே வகை இசையைத் தொடர்ந்து வைத்தால் சில நாட்களிலேயே நாய்களுக்கு அது பழகிப்போகிறது. மாற்றி மாற்றி வைத்தால் பலன் நீடிக்கிறது. இவை தையலோடு கிடக்கும் நாய்களிடம் செய்த ஆய்வுகள் அல்ல. ஆனாலும் மிரட்சி எங்கும் மிரட்சிதானே.

எங்கள் வீட்டு நாட்டு நாய்க்குத் தொடை எலும்பில் அறுவை சிகிச்சை நடந்தபோது, கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்பு சுவரில் உரசினாலே துள்ளிவிடும். ஒரு இரவு தரையில் படுத்து, அதன் முதுகில் கை வைத்துக்கொண்டு, வீணை ஆலாபனை ஒன்றைத் தணிவாக ஓடவிட்டேன். வெகுநேரம் காது மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பிறகு மோவாயைப் பாயில் சாய்த்து, நீளமாக ஒரு மூச்சு விட்டது. அமைதிப்படுத்தியது வீணையா, கையா என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆகவே வீணை, புல்லாங்குழல், தாலாட்டு என்று மெதுவாகப் போகும் எதையும் வையுங்கள். தவில், திடீரென்று உச்சிக்குப் போகும் குரல் இப்போதைக்கு வேண்டாம். நாம் 20,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வு) வரை கீச்சொலியைக் கேட்கிறோம் என்றால், நாய் சுமார் 45,000 வரை கேட்கும். நமக்குச் சாதாரணமாகப் படும் ஒலியே அதற்கு உறுத்தலாகலாம். பாட்டு ஓடும்போது நீங்கள் தாழ்ந்த குரலில் பேசினாலும் தெளிவாகக் கேட்க வேண்டும். அந்த அளவு போதும். கைபேசியில் வைத்தால் நடுவில் அலறும் விளம்பரத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். முன்பே பதிவிறக்கி வையுங்கள். தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள். கதவு திறந்தே இருக்கட்டும். அவள் எழுந்து அடுத்த அறைக்குப் போனால், காதை மடக்கிக்கொண்டு மூச்சிரைத்தால், உடனே நிறுத்திவிடுங்கள். நீங்கள் வெளியே கிளம்பும்போது மட்டும் பாட்டு வைக்கும் பழக்கம் வேண்டாம். பாட்டு என்றாலே தனிமை என்று அவள் எண்ணிவிடுவாள்.

தையல் பிரிக்கப் பத்திலிருந்து பதினான்கு நாளாகும். அதுவரை படி ஏறவிடாதீர்கள். இன்று இரவு அவள் பாய்க்குப் பக்கத்திலேயே உங்கள் பாயையும் விரித்துக்கொள்ளுங்கள்.