ஒரே செட்டாப் பாக்ஸின் படத்தை வீட்டிலுள்ள இரண்டு, மூன்று டிவிகளில் காட்ட முடியுமா?

தாராளமாக முடியும். எல்லா டிவியிலும் ஒரே படம் வந்தால் போதும் என்றால், ஒரு பெட்டியின் படத்தைப் பல டிவிகளுக்குப் பிரித்துத் தரும் எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் வாங்குங்கள். பார்க்க அச்சு அசலாக அதேபோல் இருக்கும் ஸ்விட்சை வாங்கிவிடாதீர்கள்; அது பல பெட்டிகளை ஒரு டிவிக்குக் கொண்டுபோவது. அடாப்டர் இல்லாமல், ஒயர் மட்டும் இரண்டாகப் பிரியும் 'ஒய்' கேபிளும் இதற்கு உதவாது. ஒரு டிவியில் செய்தி, இன்னொன்றில் விளையாட்டு என்று வேண்டுமானால் தனிப் பெட்டிதான் வழி.

அப்பா இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தபோது, ஹாலில் நாங்கள் பார்க்கும் மேட்ச்சை அவரும் கூடவே பார்க்கட்டும் என்று இந்த வேலையில் இறங்கினேன். ஹாலில் நுணுக்கமான படம் காட்டும் 4கே டிவி, அவர் அறையில் அதைவிடத் தரம் குறைந்த பழைய 1080பி டிவி. இணைத்ததும் இரண்டிலும் படம் வந்தது. ஆனால் ஹாலில் ஸ்கோர் எழுத்துகளின் ஓரம் மங்கியிருந்தது. டிவியின் இன்ஃபோ பட்டனை அழுத்தினால் 1080பி என்று காட்டியது.

காரணம் இதுதான். ஒவ்வொரு டிவியும் தன்னால் எந்த அளவு படத்தை, எந்த வகை ஒலியை ஏற்க முடியும் என்று ஒரு சிறு குறிப்பை வைத்திருக்கும். ஈடிஐடி என்பார்கள், பெரும்பாலும் 256 பைட்தான். பல ஸ்ப்ளிட்டர்கள் எல்லா டிவிக்கும் பொதுவான அளவையே பெட்டியிடம் கேட்கும். அதனால் இருப்பதிலேயே பழைய டிவிதான் எல்லாவற்றின் தரத்தையும் முடிவு செய்கிறது. சுற்றிலும் கேட்கும் 5.1 ஒலி வெறும் ஸ்டீரியோவாகிப் போவதும் இதனால்தான். ஸ்ப்ளிட்டரின் பக்கவாட்டில் இருந்த குட்டி ஸ்விட்சை 4கேவுக்குத் தள்ளினேன். ஹாலில் படம் பளிச்சென்றது, அப்பா அறையில் இருட்டு. வாங்கும்போதே 'டவுன்ஸ்கேலர்' உண்டா என்று கேளுங்கள். அது இருந்தால் ஒரு பக்கம் 4கேவும் மறுபக்கம் 1080பியும் போகும். நகலெடுப்பதைத் தடுக்கும் காப்பு முறையான எச்டிசிபி 2.2 இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் காப்புள்ள 4கே படம் வராது.

அடுத்தது தூரம். 4கே, 60 பிரேம் படத்துக்கு நொடிக்கு 18 கிகாபிட் வரை கேபிளில் ஓட வேண்டும். சாதாரண செம்புக் கேபிளுக்கு ஐந்து மீட்டர் தாண்டினாலே திணறல். 1080பிக்கு இன்னும் கொஞ்சம் தாங்கும். நான் இழுத்த 15 மீட்டர் கேபிளில் படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள் மினுங்கின. அதை எடுத்துவிட்டு, கேட் 6 நெட்வொர்க் கேபிளில் ஓடும் எக்ஸ்டெண்டர் போட்டேன். எச்டிபேஸ்டி வகை என்றால் 1080பிக்கு 100 மீட்டர் வரை போகும்.

ஒலியைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒவ்வொரு டிவியும் படத்தைச் சீர்செய்ய எடுக்கும் நேரம் வேறு. அப்பா அறையில் 'அவுட்' என்று கேட்டு ஒரு நொடிக்குள் ஹாலிலும் அதே குரல், எதிரொலி மாதிரி. இரண்டிலும் அந்தச் சீர்செய்தலைக் குறைக்கும் கேம் மோட் வைத்ததும் பெரும்பாலும் சரியானது.

ரிமோட்டுக்கு ஐஆர் (ரிமோட்டின் அகச்சிவப்பு சிக்னலைக் கடத்தும்) வசதியுள்ள எக்ஸ்டெண்டராகப் பார்த்து வாங்குங்கள். அதன் மணி போன்ற முனையைப் பெட்டியின் கண் மீது ஒட்டிவிட்டால், கட்டிலில் படுத்தபடியே சேனல் மாற்றலாம். ஹாலிலும் சேர்ந்தே மாறும். அந்த மாதங்களில் ரிமோட் அப்பாவிடம்தான் இருந்தது.