பர்லியாறில் கொதிக்கும் அம்பாசடர்

கேள்வி: என்னிடம் இருப்பது 1984ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 4, பெட்ரோல் வண்டி. வாங்கி எட்டு மாதம் ஆகிறது. கோவைக்குள் எத்தனை நெரிசலில் நின்றாலும் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டுவதில்லை. அவிநாசி சாலையில் 70 கிலோமீட்டர் வேகத்தில் அரைமணி நேரம் ஓட்டினால் ஏறத் தொடங்குகிறது. குன்னூருக்கு மலையேறினால் பர்லியாறு வருவதற்குள் கொதித்துத் தண்ணீரைக் கக்கிவிடுகிறது. இரண்டு முறை இப்படி ஆயிற்று. முதல் மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டார், பயனில்லை. இப்போது வேறொரு பட்டறையில் புது ரேடியேட்டர், மின்விசிறி, வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், குறைந்தபட்சம் இப்போது வேண்டாம். அந்தப் பட்டியலில் ஒரு சாமான் தேவையே இல்லை என்பதை உங்கள் கடிதமே சொல்கிறது.

விசிறியின் வேலை, வண்டி நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுப்பது. 70இல் ஓடும் காருக்கு எதிர்க்காற்றே போதும். நெரிசலில் சூடேறி, சாலை கிடைத்ததும் தணிகிற வண்டி என்றால் விசிறியையும் பெல்ட்டையும் சந்தேகிக்கலாம். உங்கள் வண்டி நேர்மாறு. அதற்கு மின்விசிறி விற்க வருகிறவர், நீங்கள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

முதலில், சூடு உண்மைதானா என்று பாருங்கள். தண்ணீரைக் கக்கியதால் உங்களுக்கு இது பாதி தெரிந்த விஷயம். ஆனாலும் நாற்பது வயதான மீட்டரின் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். தொடாமலே வெப்பம் காட்டும் அகச்சிவப்பு வெப்பமானி இப்போது எளிதாகக் கிடைக்கிறது. தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) இருக்கும் இன்ஜின் மூடியின் மேல் பிடித்துப் பாருங்கள். பளபளப்பான உலோகத்தில் அது தவறாகக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும். 80 முதல் 90 டிகிரிக்குள் நின்றால் வண்டி நலமாக இருக்கிறது, மீட்டர்தான் பொய் சொல்கிறது.

அதே கருவியை, ஓடிச் சூடான வண்டியை நிறுத்திவிட்டு ரேடியேட்டரின் முகப்பு முழுவதும் மெதுவாக நகர்த்துங்கள். மேலிருந்து கீழாக வெப்பம் சீராகக் குறைய வேண்டும். நடுவே திட்டுத் திட்டாகக் குளிர்ந்த இடங்கள் இருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. மெதுவாக ஓடும்போது மீதிக் குழாய்களே சமாளித்துவிடும். வேகத்திலும் ஏற்றத்திலும் திணறும். உங்கள் வண்டியில் எனக்கு முதல் சந்தேகம் இதுதான்.

அடைப்பே இருந்தாலும் புது ரேடியேட்டர்தான் வழி என்றில்லை. பழைய ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். ஈயப் பற்றை உருக்கி மேல் தொட்டியைக் கழற்றி, குழாய் குழாயாகக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யும் ஆட்கள் கோவையில் இன்னும் இருக்கிறார்கள். குழாய்கள் அரித்துப் போயிருந்தால் பழைய தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுவிலுள்ள குழாய்க் கூட்டை (‘கோர்’ என்பார்கள்) மட்டும் மாற்றலாம். எப்படியும் புதியதுதான் என்று முடிவானால், பழையதைப் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். அத்தனை செம்புக்கும் பித்தளைக்கும் எடைக்கடையில் நல்ல விலை. பில்லில் கழிக்கச் சொல்லுங்கள், அல்லது டிக்கியில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்புக்குப் போகும் கீழ் ஹோஸையும் பாருங்கள். ரப்பர் தளர்ந்திருந்தால், வேகத்தில் பம்ப் உறிஞ்சும்போது அது சப்பிப்போய் வழியை அடைக்கும். இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஒன்றும் தெரியாது. ஒருவரை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு, கையையும் சட்டை நுனியையும் பெல்ட்டுக்குத் தூரமாக வைத்துக்கொண்டு கவனியுங்கள்.

அடுத்தது இக்னிஷன் டைமிங், அதாவது பெட்ரோலை எரிக்கும் பொறி விழும் நேரம். உங்களிடம் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் இதில் விற்பதற்குச் சாமான் இல்லை. தீப்பொறி தாமதமாக விழுந்தால் எரிதலும் தாமதமாகி, சக்தியாக மாற வேண்டிய சூடு இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்குள்ளும் எக்ஸாஸ்ட் பக்கமும் இறங்கும். வேகம் கூடக் கூடப் பொறியை முன்னே தள்ளுவதற்கு, அதைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சிறு எடைகள் உண்டு. அவை துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் ஊருக்குள் வண்டி ஒழுங்காக இருக்கும், நெடுஞ்சாலையில் கொதிக்கும். டைமிங் லைட் வைத்து, முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஓடவிட்டுப் பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைவாகக் கொடுத்தாலும் இதே தொல்லைதான். அதையும் கூடவே பார்த்துவிடலாம்.

மலைக்கு மட்டும் ஒரு தனிக் கணக்கு உண்டு. குன்னூர் கிட்டத்தட்ட 1,850 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடிதான் அந்தக் கொதிநிலையை மேலே தள்ளி வைக்கிறது. 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி சுமார் 11 டிகிரி கூட்டும். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் அந்தப் பலன் முழுவதும் போயிற்று. சில நூறு ரூபாய் சாமான், முதலில் மாற்றிவிடுங்கள். ‘கூடுதல் பவுண்டு மூடி போட்டால் கொதிக்கவே கொதிக்காது’ என்று ஒருவர் சொல்வார். பழைய ரேடியேட்டரின் பற்றுகள் அந்த அழுத்தத்தில் பிளந்துகொள்ளும், கேட்காதீர்கள்.

கழற்றிய தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். அது கெட்டதா என்று பார்க்க ஒரு பழைய பாத்திரமும் வெப்பமானியும் போதும். சுடுநீரில் தொங்கவிட்டால் 82 டிகிரிக்கு அருகில் திறக்க ஆரம்பிக்க வேண்டும். அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள், கூலன்ட் விஷம். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் காலையில் நெடுநேரம் குளிர்ந்தே ஓடித் தேயும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

இரண்டு முறை கொதித்த வண்டி என்பதால், ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட்டையும் பார்த்துத்தான் ஆக வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டே இருந்தாலோ, ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் பால்கலந்த காப்பி நிறத்தில் குழம்பு இருந்தாலோ, ரேடியேட்டருக்குச் செலவழிப்பது வீண். ஹெட்டைக் கழற்ற வேண்டும். சூடான இன்ஜினில் மூடியைத் திறக்கவே கூடாது. பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடக்கூடும்.

எல்லாம் முடிந்தபின் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் மட்டும் ஊற்றுங்கள். சிறுவாணித் தண்ணீரேயானாலும் குடிக்க வைத்துக்கொள்ளுங்கள், வண்டிக்கு வேண்டாம்.

பட்டறையில் ‘எதற்காக எதை மாற்றுகிறீர்கள்’ என்று எழுதி வாங்குங்கள். மாற்றிய சாமான்களைத் திரும்பக் கேளுங்கள், பில் வாங்குங்கள். காசு வாங்கிக்கொண்டு குறையைத் தீர்க்காவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று புகார் செய்யலாம். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. மாவட்ட ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பில் இல்லாமல் போனால் அங்கேயும் கை பிசைய வேண்டியதுதான்.

கேள்வி: பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று விலைக்கு வருகிறது. சூடாகும் வண்டியா என்று வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: முடியும். சென்னையில் கட்டிய அந்த வண்டி வாங்குபவருக்கு ஒரு சௌகரியம் செய்து வைத்திருக்கிறது: பானெட் முழுவதும் முன்பக்கமாகக் கவிழும், ஒளித்துவைக்க இடமில்லை. சொல்லாமல் போங்கள், அல்லது ‘நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் முன்னாலேயே ஓட்டி எதையோ சரிக்கட்டியிருக்கிறார்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் செம்மண் நிறத் தண்ணீர் தெரிகிறதா, விரலில் ஆயில் பிசுக்கு ஒட்டுகிறதா என்று பாருங்கள். புத்தம் புதுப் பச்சைக் கூலன்ட் கண்டு மகிழவும் வேண்டாம். நேற்று ஊற்றியதாக இருக்கலாம். டெம்பரேச்சர் மீட்டரின் ஒயர் மாட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு இருபது நிமிடம் நீங்களே ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். அந்தப் பத்து நிமிடத்தை விற்பவர் பேச்சிலேயே கடத்தப் பார்ப்பார். காப்பி கொடுத்தால் குடியுங்கள், கண்ணை மட்டும் வண்டிக்கு அடியில் வைத்திருங்கள்.