ஒரு நெடில், இரண்டு குறில்: மதர்போர்டு போய்விட்டதா?

கேள்வி: கம்ப்யூட்டரை ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, திரை கருப்பாகவே இருக்கிறது. உள்ளிருந்து நீளமாக ஒரு பீப், அடுத்து குட்டியாக இரண்டு. கடையில் மதர்போர்டையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பீப் அடிக்கிற போர்டு உயிரோடு இருக்கிற போர்டு. ஆன் செய்ததும், போர்டில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ்தான் பிராசஸர், ரேம், டிஸ்ப்ளே என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறது. டிஸ்ப்ளேவே எழாதபோது திரையில் எழுதிக்காட்ட வழியில்லை, அதனால் சத்தமாகச் சொல்கிறது. ஒரு நெடில், இரண்டு குறில் என்றால் 1981-இல் வந்த ஐபிஎம் பிசி காலத்திலிருந்தே பெரும்பாலும் டிஸ்ப்ளே கோளாறுதான்.

பவர் வயரைப் பிடுங்கிவிட்டு, திரைக்குப் படத்தை அனுப்பும் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றுங்கள். அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் தட்டி, 'டக்' என்று கொக்கி விழும்வரை அழுத்திச் செருகுங்கள். பல பேருக்கு இதிலேயே சரியாகிவிடும்.

ஆகவில்லையா? கார்டை எடுத்துவிட்டு மானிட்டர் கேபிளைப் போர்டிலேயே செருகிப் பாருங்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்டெல் பிராசஸரின் பெயர் எஃப் என்று முடிந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் பிராசஸர்களில் 5000 வரிசை வரைக்கும் பெயரில் ஜி இல்லாவிட்டால் அப்படித்தான். அந்த பிராசஸர்களில் கார்டைக் கழற்றினாலும் அதே பீப்தான் வரும், திரையும் கருப்பாகவே இருக்கும். அதைப் பார்த்து போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இதில் ஏமாந்தவர்கள் நிறைய.

அப்புறம், சில கடைகளில், பயாஸின் சோதனைக் கட்டத்தை எண் குறியீடாகக் காட்டும் ஒரு டெஸ்ட் கார்டைப் போர்டின் ஸ்லாட்டில் செருகி, அதில் ஒளிரும் '00' என்ற எண்ணைக் காட்டி "போர்டு டெட்" என்பார்கள். நம்பாதீர்கள். பல புதிய போர்டுகள் அந்த ஸ்லாட்டுக்குக் குறியீட்டை அனுப்புவதே இல்லை. வேறு எண் வந்தாலும் அது சோதனை எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைத்தான் சொல்லும், குற்றவாளியை அல்ல. போர்டு நிறுவனங்களைத்தான் குறை சொல்ல வேண்டும்! ஆளுக்கொரு குறியீடு வைத்துக்கொண்டு, பீப் அடிக்கும் சின்ன ஸ்பீக்கரைக்கூடப் பெட்டியில் தராமல் விடுகிறார்கள். இந்த இருட்டில்தான் இப்படிப்பட்ட கடைக்காரர் பிழைக்கிறார்.

கடைக்குப் போனால் உங்கள் கண்முன்னே வேறொரு கிராபிக்ஸ் கார்டைப் போட்டு ஆன் செய்யச் சொல்லுங்கள். குட்டியாக ஒரே ஒரு பீப் கேட்டு, திரையும் வந்துவிட்டால் போனது கார்டுதான், போர்டு அல்ல.